திறக்காத வீதியில் அம்மா கார் பழகிய கோடை

சிசிலியில், பலெர்மோவில் என்னோடு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளே, உங்களில் எத்தனை பேருக்கு அந்தப் புது வீதி ஞாபகம் இருக்கிறது? இன்றைக்கு நீங்கள் விடுமுறைக்குப் பலெர்மோ போய் வாடகைக் காரில் பறக்கிற வீதியை நான் கேட்கவில்லை. அது திறப்பதற்கு முந்தின கோடையைக் கேட்கிறேன். தார் போட்டாகிவிட்டது, வெள்ளைக் கோடும் கீறியாகிவிட்டது. ஆனால் ஒரு வாகனம்கூட ஓடாமல் மலைகளுக்கு நடுவே கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு படுத்திருந்ததே, அந்த வீதி. உங்களில் பாதிப் பேர் அதில்தான் சைக்கிள் பழகினீர்கள். இப்போது லண்டனிலும் பர்மிங்காமிலும் தலைக்கு மை பூசிக்கொண்டு, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் இறக்கிவிட்டு வருகிற வயது எங்களுக்கு. முழங்காலைத் தடவிப் பாருங்கள், தழும்பு இருக்கும்.

அதே வீதியில்தான் என் அம்மா கார் பழகினார்.

பழைய வீதி எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பலெர்மோவை விட்டு வெளிக்கிட்டு, பள்ளத்தாக்குகளுக்கூடாக, ஊர் ஊராக வளைந்து தெற்கே போகும். முன்னால் ஒரு லொறி வந்து மாட்டினால் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே போகவேண்டியதுதான். ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாரதி ஹோர்ன் அடிப்பார், தம்பி சத்தி எடுப்பான். அந்த வீதிக்குப் பக்கத்தால் புதிதாக ஒன்றை, அகலமாக, நேராக, பள்ளம் வந்த இடங்களில் உயரமான தூண்களில் பாலம் கட்டி, போக ஒரு பக்கம் வர ஒரு பக்கம் என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். வருடக்கணக்காகக் கட்டினார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். அது இந்தத் தலைமுறையில் திறக்காது என்பதில் சிசிலிக்காரருக்கும் எங்கடை ஆட்களுக்கும் ஒரே கருத்து.

நாங்கள் பலெர்மோவின் சீசாப் பகுதியில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் இருந்தோம். அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா நகரத்துக்குள் ஒரு இத்தாலியச் சீமாட்டி வீட்டில், சிஞ்ஞோரா என்போமே, சமையலும் துப்புரவும். அந்த வருடம் ஈஸ்டர் விடுமுறையில் நானும் அம்மாவோடு வேலைக்குப் போனேன். சிஞ்ஞோரா எங்களை மேசையில் இருத்தி, எனக்கு ஒரு பாதாம் பிஸ்கட்டும் தந்தார். பிஸ்கட் தந்தபோதே எனக்கு ஏதோ விளங்கிவிட்டது.

சிஞ்ஞோராவின் புருசனுக்கு நெஞ்சு வருத்தம். நகரத்துப் புகை ஆகாதென்று வைத்தியர் சொல்லிவிட்டார். செப்டெம்பரில் அவர்கள் பள்ளத்தாக்கில் இருக்கும் தங்கள் தோட்ட வீட்டுக்கே போய்விடப் போகிறார்கள்.

"நீ எங்களோடை வந்து ஃபிஸ்ஸாவா இரு," என்றார் சிஞ்ஞோரா. "தனி அறை தாறன். இல்லாட்டி நான் வேறை ஆளைத்தான் பாக்கவேணும். எனக்கும் விருப்பமில்லை."

ஃபிஸ்ஸா என்றால் தங்கி நின்று செய்கிற வேலை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் எத்தனை பேரின் அம்மாமார் அப்படிப் போனார்கள்! வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் வீடு. மற்ற நாளெல்லாம் வேறொருவர் பிள்ளைக்குச் சோறு தீத்துவார்கள். வேலையை விடலாம் என்றாலோ, பெர்மெஸ்ஸோவை, அதுதான் எங்கள் வதிவிட அனுமதியை, புதுப்பிக்கக் காட்டுவதற்கு அம்மாவிடம் இருந்தது அந்த ஒரு வேலைதான்.

அம்மா என்னிடம் திரும்பினார். "அந்த வீடு எவ்வளவு தூரமெண்டு கேள்."

கேட்டேன். சிஞ்ஞோரா சொன்னார்: "பஸ்ஸிலை வந்தால் காலைக் கோப்பி போட நீ மத்தியானம்தான் வருவாய். புது வீதி திறந்தால், காரிலை எண்டால், கோப்பி ஆற முன்னம் வந்திடலாம்."

"அப்ப நான் காரிலை வாறன் எண்டு சொல்லு."

"அம்மா, எங்களிட்டைக் கார் இல்லை."

"சொல்லு, பிள்ளை."

சொன்னேன். சிஞ்ஞோரா புருவத்தைத் தூக்கி, "உனக்கு ஓடத் தெரியுமா?" என்று கேட்டார். இந்த முறை அம்மா என்னை எதிர்பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த இத்தாலியனில் ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்: "செத்தெம்ப்ரே."

செப்டெம்பரில் தெரியும் என்று அர்த்தம். சிஞ்ஞோரா சிரித்துவிட்டு, சரி, அதுவரைக்கும் பார்க்கிறேன் என்றார். படியிறங்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தால், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளையின் முகம். "கொப்பாவுக்கு உந்த ஃபிஸ்ஸாக் கதை தெரியவேண்டாம்," என்றார். "தெரிஞ்சா வேலையை விட்டிட்டு லண்டனுக்கு வெளிக்கிடுவம் எண்டுவார்."

லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "உமக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது."

"பழகினால் தெரியும்தானே."

"பழகி? இன்னும் இரண்டு வருஷத்திலை லண்டனுக்குப் போயிடுவம். காரை என்ன, பெட்டிக்குள்ளை வைச்சுக் கொண்டுபோறதே? வேண்டாம் எண்டால் வேண்டாம்."

அப்பா எதற்கும் அப்படித்தான். சுவரில் ஆணி அடிக்கவிடமாட்டார். அலுமாரி வாங்கவிடமாட்டார். தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று வைத்ததற்கே முகத்தைச் சுளித்தார். பெண்சாதி கார் ஓடினால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்கிறார் என்றுதான் நானும் தம்பியும் நம்பினோம். அவரில் கோபமாகவும் இருந்தோம். அது அப்படி இல்லை என்று இந்த வயதில்தான் விளங்குகிறது. வாங்குகிற ஒவ்வொரு சாமானும் எங்களை அந்த ஊரிலேயே இருத்திவிடும் என்று அந்த மனிசன் பயந்தார். கார் எல்லாவற்றிலும் பெரிய சாமான். அவரும் ஒன்றைப் பிழையாகத்தான் நினைத்தார். அந்த இரண்டு வருடம் முடியவே இல்லை. அலுமாரி இல்லாமலேயே நாங்கள் அங்கே வளர்ந்து முடித்துவிட்டோம்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு நேரே மேல்மாடி சியாவிடம் போனார். சியா என்றால் மாமி. கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் சியாதான். கீழே தெருவோரம் பெண்களுக்கு முடிவெட்டும் சின்னக் கடை வைத்திருந்தார். புருசன் ஜேர்மனிக்கு வேலைக்கென்று போனவர் திரும்பி வரவில்லை. அவர் விட்டுவிட்டுப் போன கடுகு நிறக் காரைச் சியா, அவரில் உள்ள கோபத்தை அதில் தீர்ப்பதுபோல, அடித்துத் துவைத்து ஓடுவார். முன் இருக்கைகளில் மரமணி கோத்த உறை. ஞாபகமா? வெயிலில் இருந்து எழும்பினால் தொடையெல்லாம் வட்ட வட்டமாக அடையாளம் விழும். கண்ணாடியில் ஊர்ப் புனிதையின் படமும், கண்ணூறுக்குச் சிவப்புக் கொம்பு ஒன்றும் தொங்கும்.

அம்மா சொன்னதைச் சியா முழுக்கக் கேட்கவே இல்லை. "ஞாயிறு மத்தியானம் வா," என்றார். "எல்லாரும் திண்டிட்டுப் படுத்திருப்பாங்கள். எங்கை பழகவேணுமெண்டு எனக்குத் தெரியும்."

பழகுநர் தாளை எல்லாரும் ரோசாத் தாள் என்பார்கள், அதன் நிறம் அது. அந்தத் தாள் வந்த முதல் ஞாயிறே நாங்கள் போனோம். முன்னால் சியாவும் அம்மாவும், பின்னால் நானும் தம்பியும். காரின் முன்னும் பின்னும் பழகுநர் என்பதைக் காட்டும் 'பி' எழுத்து. சப்பாத்துப் பெட்டி மட்டையில் தம்பி எழுதியது. எலுமிச்சைத் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் வீதியை மறித்துக் கட்டை போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில், ஒரு காவல்காரர், ஒரு கிழட்டு நாய். அம்மா வாழையிலை இல்லாத குறைக்கு அலுமினியத் தாளில் சுற்றிக் கொண்டுபோன மீன் ரோல்ஸை நீட்டினார். காவல்காரர் கடித்தார். கண்ணில் தண்ணி வந்தது. "இது எந்த ஊர் அரஞ்சீனா?" என்று, தங்கள் பொரித்த சோற்றுருண்டையின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கட்டையைத் தூக்கினார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எங்களைக் கண்டால் அவருக்கு முன்னம் நாய் எழும்பி வரும்.

அந்த வீதியை முதன்முதல் கண்டபோது தம்பி கத்தினான், சொல் ஒன்றும் இல்லாமல் வெறும் கத்தல். நாங்கள் நெருக்கமான சீசாச் சந்துகளில் வளர்ந்தவர்கள். அவ்வளவு வெறுமையான, அவ்வளவு நீளமான ஒன்றை நாங்கள் கண்டதே இல்லை. தார் மணமும் தோடம்பூ மணமும் ஒன்றாக வந்தது. தூரத்தில் பாலம், அதற்கு மேலே மஞ்சள் பூ மூடிய மலை.

அம்மா இறங்கிப் போய்ச் சாரதி இருக்கைப் பக்கம் நின்றார். செருப்பைக் கழற்றி வீதியோரம் வடிவாக ஒழுங்காக வைத்தார். வெறுங்காலோடு ஏறினார்.

"என்ன, கோயிலுக்கே வந்திருக்கிறாய்?" என்றார் சியா. நான் மொழிபெயர்த்தேன்.

"கால் படவேணும். அப்பத்தான் எனக்குத் தெரியும் எதை மிதிக்கிறனெண்டு," என்றார் அம்மா. அதையும் மொழிபெயர்த்தேன்.

கரைச்சல் அங்கேதான் தொடங்கியது. சியா பேசியது பாதி சிசிலிப் பாசை. அம்மாவுக்கு அது விளங்காது. சியா சொல்வதை நான் பின்னாலிருந்து தமிழாக்க வேண்டும். சியா "ஃப்ரிட்சியோனே!" என்பார், நான் "கிளட்ச்!" என்பேன், அதற்குள் கார் துள்ளிச் செத்துவிடும். சியா "ஃபிரேனோ!" என்பார், நான் "பிரேக்!" என்பேன், அதற்குள் கார் மணல் குவியலில் ஏறி நிற்கும். சியா தலையில் கைவைத்து ஊர்ப் புனிதையைக் கூப்பிடுவார். தம்பி சிரித்துச் சிரித்து இருக்கைக்குக் கீழே விழுந்துவிடுவான். அம்மா மட்டும் சிரிக்கமாட்டார். திறப்பைத் திருப்பி மறுபடி தொடங்குவார். கார் இருபது தரம் செத்தால் இருபத்தோராம் தரமும் அதே முகம்.

எழுத்துச் சோதனைக்கு நாங்கள் எல்லாரும் படித்தோம் என்றுதான் சொல்லவேண்டும். சரியா பிழையா என்று கேட்கிற கேள்விகள். வெங்காயம் வெட்டுகிற அம்மாவுக்கு நான் வாசிப்பேன். "வேரோ!" "ஃபால்ஸோ!" என்று வெட்டுகிற தாளத்திலேயே பதில் வரும். அப்பா வேலையில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் இதெல்லாம். கடைசியில் வீட்டில் எல்லாமே சோதனையாகிவிட்டது. "கறிக்கு உப்புக் காணும், வேரோ, ஃபால்ஸோ?" என்று தம்பி கேட்பான். எழுத்துச் சோதனையில் அம்மா முதல் தரமே பாஸ்.

ஜூலை வந்தது. ஊர்ப் புனிதையின் திருவிழாவுக்காகக் கால்சாக் கடற்கரை வெளி முழுக்க ராட்டினமும் இனிப்புக் கடைகளும் வந்து இறங்கின. எங்கடை ஆம்பிளையள் ஞாயிறுகளில் கிரிக்கெட் விளையாடுகிற இடம் அது. இடம் போனதும், யாரோ ஒருவருக்குப் புது வீதியின் யோசனை வந்திருக்கிறது. பாலத்துக்கு அங்கால், மற்ற முனையால் உள்ளே வந்திருக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது.

அன்றைக்குத்தான் அம்மா முதன்முதல் மூன்றாம் கியர் போட்டார். கார் ஓடுகிற சத்தமே மாறிவிட்டது. யன்னலால் வந்த காற்று என் பின்னலை அவிழ்த்தது. பாலத்தில் ஏறியபோது கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது, ஆறு ஒரு நூல்போல. "விடு, விடு, விடு!" என்று சியா கத்தினார். நான் மொழிபெயர்க்கவில்லை, தேவை இருக்கவில்லை. அம்மா விட்டார்.

பாலம் முடிகிற வளைவைத் தாண்டினால், வீதியின் நடுவில் தக்காளிப் பெட்டி அடுக்கி விக்கெட். வெள்ளை உள்பெனியனோடு ஒருவர் எங்களுக்கு முதுகு காட்டிப் பந்து போட ஓடிக்கொண்டிருந்தார். முன்னால் துடுப்போடு நின்றவர் எங்களைக் கண்டதும் துடுப்பைப் போட்டுவிட்டு மதிலேறிப் பாய்ந்தார். பந்து போட ஓடினவர் நின்று, "ஏனடா ஓடுறாய்? நான் இன்னும் போடேல்லை!" என்று கத்தினார்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

சியாவின் வாய் திறந்தது. சொல் வர முன்னமே அம்மாவின் வெறுங்கால் அழுத்திவிட்டது. டயர் அழுதது. அப்பா ஒரு பக்கம் பாய்ந்தார். கார் வழுக்கிக்கொண்டு போய், விக்கெட்டை ஒரு முத்தம் கொடுப்பதுபோல் தொட்டு நின்றது. மேல்பெட்டி மெல்லச் சாய்ந்து விழுந்தது.

"அவுட்!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்பா பந்தைக் கையில் பிடித்தபடி யன்னலுக்குக் கிட்ட வந்தார். என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், அம்மாவின் வெறுங்காலைப் பார்த்தார். "இறங்கும்," என்றார்.

"இறங்கமாட்டன்."

"சனம் பாக்குது. இறங்கும்."

அம்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி சொன்னார். "செப்டெம்பரிலை சிஞ்ஞோரா பள்ளத்தாக்குக்குப் போறா. கார் ஓடாட்டி நான் ஃபிஸ்ஸாவாப் போகவேணும். வியாழனும் ஞாயிறும்தான் பிள்ளையள் என்னைக் காணுங்கள். நீங்கள் அதுக்குச் சம்மதமெண்டு சொல்லுங்கோ. இப்பவே இறங்கிறன்."

அப்பா பந்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு குனிந்து விழுந்த பெட்டியைத் தூக்கி வைத்தார். விக்கெட்டை முழுக்க வீதியோரம் தள்ளி, கார் போக இடம் விட்டார். "என்னட்டை முதலே சொல்லியிருக்கலாம்," என்றார், அம்மாவைப் பார்க்காமல்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் ஓட்டச் சோதனை. அம்மா பெயில். அந்த இடத்திலேயே பெயில் என்று சொல்லிவிட்டார்கள். நகரத்தில் ஒரு சுற்றுவட்டத்தில், நாலு பக்கமும் வாகனம் வந்ததைக் கண்டு அம்மா நடுவிலேயே நிறுத்திவிட்டார். அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அடுத்த சோதனை செப்டெம்பரில்தான். சிஞ்ஞோரா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்.

அப்பா கதவில் சாய்ந்து நின்று சொன்னார்: "மற்ற வாகனம் வராத ரோட்டிலை பழகினால் உப்பிடித்தான். சந்தைக்குள்ளை ஓடவேணும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். நானும்தான். ஓடவேணும் என்று அப்பா சொல்லி நாங்கள் கேட்ட முதல் தரம் அது.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு அடிக்கிறது. வுச்சீரியாச் சந்தைக்குப் போகிற தெருக்கள், துறைமுகச் சந்தி, மீன் வண்டிகள், மூன்று பேர் ஏறின ஸ்கூட்டர்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நடுத்தெருவில் கதைக்கிறவர்கள். இடது பக்கம் ஒரு இஞ்சி, வலது பக்கம் ஒரு இஞ்சி. பின் இருக்கையில் இப்போது மூன்று பேர், நடுவில் அப்பா. அம்மா பிரேக் அழுத்தும்போதெல்லாம் அவர் காலும் தரையை அழுத்தும். ஒருநாள் ஒரு தக்காளி வண்டிக்காரர் வழியை மறித்துக்கொண்டு ஆரோடோ சண்டை பிடித்தார். அம்மா பொறுத்துப் பார்த்தார். பிறகு யன்னலால் கையை வெளியே போட்டு, ஐந்து விரலையும் கூட்டி ஆட்டி, சியாவின் குரலிலேயே, "அமுனீ!" என்று கத்தினார். போவம் என்று சிசிலிப் பாசை. வண்டிக்காரர் திகைத்துப்போய்த் தள்ளி நின்றார். சியா கைதட்டினார். அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வாய்க்குள் சிரித்தார்.

செப்டெம்பரில் அம்மா பாஸ்.

அந்தக் கிழமையே, ஒருவரும் நம்பாத மற்றதும் நடந்தது. சுவரெல்லாம் அறிவித்தல் ஒட்டினார்கள். ஞாயிறு வீதி திறக்கிறது. சியாவின் கடையில் பெண்கள் தலையில் சுருளோடு ஓடிவந்து அறிவித்தலை வாசித்தார்கள். "நான் செத்த பிறகுதான் திறக்கும் எண்டியே," என்று ஒருத்தி கேட்க, "அப்ப நான் செத்திட்டன் போல," என்றார் சியா. அவருக்கு மருமகன் ஒரு புதுக் கார் எடுத்துக் கொடுத்திருந்தான். கடுகு நிறக் காரின் திறப்பை அம்மாவின் கையில் வைத்தார். சனிக்கிழமைகளில் கடையைக் கூட்டித் துடைத்துத் தரவேண்டும், அவ்வளவுதான் பேச்சு.

ஞாயிறு காலை கீழே போனால், அப்பா காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நாலு டயருக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். முகம் கழுவி, வேலைக்குப் போகாத நல்ல சேர்ட் போட்டிருந்தார்.

"நல்ல பழத்தை ஏன் நசிக்கிறியள்!" என்று மேல்மாடியிலிருந்து சியா கத்தினார். அப்பா நிமிர்ந்து, மேலே பார்த்து, கண்ணாடியில் தொங்கிய சிவப்புக் கொம்பைச் சுட்டிக்காட்டினார். சியாவுக்கு விளங்கிவிட்டது. மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா ஏறி முதலாம் கியர் போட்டார். நாலு பழமும் பக்கென்று நசிந்த சத்தமும் புளிப்பு மணமும் காருக்குள் வந்தது.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்திருந்தது. பாண்ட் வாத்தியம், பாதிரியார், நாடா. காவல்காரர் கழுத்துப்பட்டி கட்டி நின்றார். கண்ணுக்கு எட்டிய மட்டும் கார்கள், எல்லாம் ஹோர்ன் அடிக்கின்றன. நாடா வெட்டியதும் அந்தக் கார்க் கூட்டம் கலைந்த தேன்கூடு மாதிரி வீதியில் பரவியது. தம்பி யன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டு ஆர்ப்பரித்தான். எங்கள் வீதி அது. அதன் ஒவ்வொரு வளைவும் எங்களுக்குத் தெரியும். அம்மா மூன்றாம் கியர் போட்டார், நாலாம் கியர் போட்டார். பாலத்தில் இரண்டு பெரிய கார்களை முந்தினார். என்னுடைய அம்மா!

சிஞ்ஞோரா வீட்டுக்குத் திரும்புகிற இடம்வரை ஒருதரம் ஓடிப் பார்ப்பது, திரும்பி வருவது, அதுதான் திட்டம். திங்கட்கிழமை வேலை. முன் இருக்கையில் அப்பா ஒரு கையால் கதவின் பிடியையும் மற்றக் கையால் இருக்கை விளிம்பையும் பிடித்துக்கொண்டு இருந்தார். அவர் வாகனத்தில் கண் மூடி நாங்கள் கண்டதில்லை. பஸ்ஸில்கூட நிமிர்ந்து, வழியை எல்லாம் பார்த்துக்கொண்டே வருவார். தனக்குத் தெரியாமல் யாரோ வேறு எங்கேயோ கொண்டுபோய்விடுவார்கள் என்பதுபோல.

திருப்பத்தைக் காட்டுகிற பலகை வந்தது. "அம்மா, இதிலைதான் திரும்பவேணும்," என்றேன்.

"சத்தம் போடாதை," என்றார் அம்மா.

எட்டிப் பார்த்தேன். அப்பாவின் கை பிடியிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. தலை யன்னலில் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மரமணிகள் குலுங்கும் சத்தத்துக்கு மேலே அவருடைய குறட்டை கேட்டது.

திருப்பம் பின்னால் போனது. மலைகள் இரண்டு பக்கமும் விலகின. அறுவடை முடிந்த கோதுமை வயல்கள், மஞ்சள், அடிவானம் வரைக்கும். எங்களில் ஒருவரும் ஒருநாளும் காணாத நாடு. மற்றக் கார்கள் எல்லாம் எங்கேயோ திரும்பிவிட்டன.

"எங்கை போறம்?" என்று தம்பி குசுகுசுத்தான்.

"தெரியாது," என்றார் அம்மா. "நிப்பாட்டினா முழிச்சிடுவார். பெற்றோல் இருக்கிற மட்டும் ஓடுவம்."

நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அம்மா, அப்பாவின் தலை ஆடாதபடிக்கு, அந்த நீண்ட வளைவை மெல்ல மெல்லத் திருப்பினார்.